தையல் நூலைத் தேர்தல்

மக்கள் வாழ்விற்கு இன்றியமையாதவை உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் ஆகும். இவற்றுள் உடையானது மானத்தைக் காப்பது. வெயிலையும் பனியையும் தடுப்பது. உடுத்துவோரின் தூய்மையைப் பிறருக்குக் காட்டுவது. ஆதலின் துணி வாங்கச் செல்வோர் அதன் வண்ணத்தை நோக்குகின்றனர். நெசவின் நெருக்கத்தைத் தடவிப் பார்க்கின்றனர். நான்கு கடைகளில் விலை கேட்டு ஒப்பிடுகின்றனர். ஆயினும், வெட்டிய துண்டுகளை இணைத்து உடையாக நிலைபெறச் செய்யும் தையல் நூலைப் பற்றி எண்ணுவோர் மிகச் சிலரே. ‘நூலைப் போலச் சேலை’ என்பது பழமொழி. நெய்யும் நூலைக் குறித்து எழுந்த அம்மொழி தைக்கும் நூலுக்கும் பொருந்துவதே ஆகும்.

ஆண்டிற்கு இரண்டு சட்டைகள் மட்டுமே தைத்துக்கொள்ள இயலும் உழைப்பாளி ஒருவரின் நிலையை நினைத்துப் பார்த்தல் வேண்டும். அவர் நல்ல துணியாகத் தேர்ந்து வாங்கித் தையற்காரரிடம் கொடுக்கின்றார். இரண்டு திங்களில் தோள்மூட்டுத் தையல் பிரிந்துவிடுகின்றது. துணி புதிதாகவே இருக்கின்றது, வண்ணமும் மங்கவில்லை. ஆயினும் சட்டை உடுத்துதற்கு உதவாததாகின்றது. அவர் மீண்டும் தையற்காரரை நாடிச் செல்லும் நாளில் தம் வேலையை இழக்கின்றார். தையற்காரரோ பழைய தையலைப் பிரித்து மறுபடியும் தைத்துக் கொடுக்க வேண்டியவராகின்றார். முதலில் தைத்ததைவிடப் பிரித்துத் தைத்தலே கடினமான வேலை. அதற்குக் கூலி கேட்கவும் இயலாது. அவருடைய நற்பெயரும் குறைகின்றது. ஒரு சட்டை தைப்பதற்கு ஏறக்குறைய 100 மீட்டர் நூல் செலவாகும். துணியின் விலையோடும் தையற்கூலியோடும் ஒப்பிட, அந்நூலின் விலை மிகச் சிறிது. அச்சிறு பொருளில் கருதிய சிக்கனம் இருவருக்கும் இழப்பாக முடிகின்றது.

நல்ல தையல் நூல் எது என்பதை அறிதற்கு, நூல் எவ்வாறு உருவாகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். நன்னூல் ஆசிரியராகிய பவணந்தி முனிவர், கற்கும் நூலுக்கு அப்பெயர் வந்த காரணத்தைக் கூறுமிடத்தில், நூல் நூற்றலையே உவமையாகக் கொண்டார். சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் அவர் உருவகம் செய்துள்ளார். சொல் பிழைபடின் செய்யுள் பிழைபடுதல் போலப் பஞ்சு குற்றமுடையதாயின் இழையும் குற்றமுடையதாகும். ஆகவே, நூலைப் பற்றிய ஆராய்ச்சியைப் பஞ்சிலிருந்தே தொடங்குதல் முறையாகும்.

பருத்திக் கொட்டையின் மேல்தோலில் முளைத்து வளரும் மெல்லிய மயிர்களே பஞ்சு எனப்படும். ஒவ்வொரு மயிரும் ஒரே உயிரணுவால் ஆயது. காய் முற்றி வெடிக்கும்போது அம்மயிர் உலர்ந்து, தட்டையாகித் திருகிக்கொள்கின்றது. இத்திருகலே ஒரு மயிர் மற்றொரு மயிரைப் பற்றிக்கொள்ளத் துணை செய்வது. மயிர் நீளமாக இருப்பின் அது தன்னை அடுத்துள்ளவற்றோடு நெடுந்தொலைவு சேர்ந்து கிடக்கும். ஆதலின் இழுக்கும்போது எளிதில் நழுவாது. மயிர் குறுகியதாயின் பற்று குறையும். அதன் முனைகளும் நூலின் மேற்புறத்தில் ஆங்காங்கே நீட்டிக்கொண்டு நிற்கும். நீளம், மென்மை, முதிர்ச்சி ஆகிய மூன்றும் பொருந்திய பஞ்சே தையல் நூலுக்கு ஏற்றது.

தமிழ்நாட்டின் தென்பகுதிக் கரிசல் நிலங்களில் வழிவழியாகப் பயிரிடப்பட்டு வந்தது கருங்கண்ணிப் பருத்தி. அதன் மயிர் பெரும்பாலும் 25 மில்லிமீட்டருக்கு உட்பட்டது. வறட்சியைத் தாங்கி வளரும் அப்பருத்தி தடித்த துணிக்கு நன்கு பயன்படும். மெல்லிய தையல் நூலுக்கு அத்துணை ஏற்றதன்று. கோயம்புத்தூர்ப் பருத்தி ஆராய்ச்சியாளர்கள் சுஜாதா என்னும் வகையையும், மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த செயின்ட் வின்சென்ட் என்னும் வகையையும் இணைத்துப் புதியதொரு பருத்தியை உருவாக்கினர். 1974ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட அப்பருத்திக்கு, இரு பெயர்களின் பகுதிகளையும் சேர்த்துச் ‘சுவின்’ என்று பெயரிட்டனர். அதன் மயிர் ஏறக்குறைய 38 மில்லிமீட்டர் நீளமும் மிகுந்த மென்மையும் உடையது. இத்தகைய நீண்ட பஞ்சிலிருந்தே மெல்லியதும் வலியதுமான நூலை நூற்க இயலும்.

பறித்த பருத்தி அரவை ஆலையில் கொட்டை நீக்கப்பெறும். பின்னர் நூற்பாலையில் தூசியும் இலைத்துகளும் போக்கப்படும். அடுத்து, தலைமயிரைச் சீப்பினால் வாரிச் சிக்கெடுத்தல் போன்று, பஞ்சினைப் பொறிகள் வாரிக் குறுகிய மயிர்களை நீக்கி, நீண்டவற்றை ஒரே போக்கில் படிய வைக்கின்றன. இவ்வாறு சீவப்பெற்ற பஞ்சிலிருந்து நூற்ற நூல் ஒரே சீரான பருமன் உடையதாக இருக்கும். சீவுவதால் பஞ்சில் ஒரு பகுதி கழிந்து போகின்றது. ஆதலின் அந்நூலின் விலை சற்று மிகுதி. விலை குறைந்த நூலில் இவ்வேலை செய்யப்படாமல் விடுபடுதல் உண்டு.

நூற்ற ஒற்றை இழை துணி நெய்யப் பயன்படும், தைப்பதற்குப் போதாது. தையல் நூலில் இரண்டு அல்லது மூன்று இழைகள் சேர்த்து முறுக்கப்படுகின்றன. இவ்வாறு சேர்க்கும் ஒவ்வோர் இழையையும் புரி என்பர். ஒற்றை இழையில் ஓரிடம் மெலிந்திருப்பினும், அடுத்த புரிகள் அவ்விடத்தைத் தாங்குகின்றன. தனி இழைகளை ஒரு பக்கமாக முறுக்கி, அவற்றைச் சேர்க்கும்போது எதிர்ப்பக்கமாக முறுக்குவது வழக்கம். இரண்டு முறுக்கங்களும் ஒன்றையொன்று சமன் செய்வதால் நூல் தானாகச் சுருண்டு சிக்காமல் அமைதியாக இருக்கின்றது. அதன்பின் நூலைத் தீச்சுடரின் ஊடே மிக விரைவாகச் செலுத்தி, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மயிர்முனைகளைப் பொசுக்கி விடுகின்றனர். வெளுத்தல், சாயமேற்றுதல், வழுவழுப்பிற்காக மெழுகு ஏற்றுதல் ஆகியன இறுதியாக நிகழும் வேலைகளாம்.

பருத்தித் தையல் நூல் மேலைநாடுகளில் பெருவழக்கிற்கு வந்த வரலாறு சுவையானது. முன்னாளில் அங்குப் பட்டு நூலாலும் ஆளி நாரினால் ஆய லினன் நூலாலும் தைத்தனர். 1806ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பேரரசன் நெப்போலியன், ஐரோப்பாவிலிருந்து பிரிட்டனுக்குப் பொருள்கள் செல்வதைத் தடை செய்தான். அதனால் ஸ்காட்லாந்திலுள்ள பெய்சிலி நகரத்து நெசவாளர்களுக்குத் தறியில் பயன்படுத்தும் பட்டு நூல் கிடைக்கவில்லை. அந்நகரத்தைச் சேர்ந்த கிளார்க் குடும்பத்தினர் பருத்தி இழைகளை முறுக்கிப் பட்டினைப் போன்ற வழுவழுப்பான நூலைச் செய்தனர். தறிக்கெனச் செய்த அந்நூல் தையலுக்கும் நன்கு உதவுவதைக் கண்டு, 1812ஆம் ஆண்டில் அதற்கென ஆலையொன்றை நிறுவினர். அந்நாளில் நூலை மரக்கட்டையில் சுற்றித் தருவதற்கு அரைப் பென்னி கூடுதலாகப் பெற்றுக்கொண்டு, வெறுங்கட்டையைத் திருப்பித் தந்தால் அக்காசினை மீண்டும் கொடுத்தனர் என்பர்.

இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்த சான் மெர்சர் என்பவர் 1844ஆம் ஆண்டளவில் பருத்தியைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் நனைத்து ஆராய்ந்தார். தட்டையாகத் திருகிக் கிடந்த மயிர்கள் பருத்து உருண்டையாவதையும், வலிமையும் சாயமேற்கும் தன்மையும் மிகுவதையும் கண்டார். 1850இல் அம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால், அவர் கண்ட முறையில் பருத்தி சுருங்கியது. 1890ஆம் ஆண்டில் ஓரேசு லோ என்பவர், சுருங்காதவாறு இழுத்துப் பிடித்த நிலையில் அவ்வாறு செய்தால் பட்டுப் போன்ற பளபளப்பும் உண்டாகும் என்பதைக் காட்டினார். முன்னவர் பெயரால் அந்நூல் ‘மெர்சரைசு’ செய்த நூல் என வழங்குகின்றது. தமிழ்நாட்டிலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தாமிரவருணி ஆற்றின் கரையில், அம்பாசமுத்திரத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில், ஆற்றுநீரின் விசையைக் கொண்டு இயங்கிய நூற்பாலை ஒன்று எழுந்தது. அதன் வழிவந்த தொழில் பின்னாளில் தையல் நூல் செய்வதிலும் பெயர் பெற்றது.

கடைகளில் கிடைக்கும் பருத்தித் தையல் நூலை மூவகையாகப் பிரிக்கலாம். வெளுத்தோ சாயமேற்றியோ மெழுகு மட்டும் இட்ட மெல்நூல் முதல் வகை. அது நெகிழ்ச்சியுடையது, விலையும் குறைவு, வீட்டில் செய்யும் எளிய தையலுக்கு உதவும். மெர்சரைசு செய்த நூல் இரண்டாம் வகை. இது பளபளப்பும் உறுதியும் வாய்ந்தது. சட்டை, பாவாடை, இரவிக்கை முதலியன தைத்தற்கு இதுவே சிறந்தது. கஞ்சியும் மெழுகும் ஏற்றித் தேய்த்து மெருகிட்ட நூல் மூன்றாம் வகை. இது விறைப்பாக இருக்கும், உராய்வைத் தாங்கும். தோற்பொருள், சாக்கு, தலையணை, மெத்தை ஆகியவற்றைத் தைப்பதற்கும் பொத்தான் கட்டுதற்கும் இது ஏற்றது. மெருகிட்ட நூலைப் பளபளப்புக் கண்டு மெர்சரைசு செய்த நூல் என்று கருதி மெல்லிய துணிக்கு வாங்குதல் தவறாகும். நகத்தால் கீறினால் மெருகுப்பொடி உதிர்வதும், வெந்நீரில் நனைத்தால் விறைப்பு நீங்குவதும் இதனைக் காட்டிக்கொடுக்கும்.

வகையை அறிந்தபின் எண்ணை அறிதல் வேண்டும். 840 கஜம் நீளமுள்ள நூல் ஒரு சிட்டம் எனப்படும். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டங்கள் நிற்கின்றனவோ, அதுவே அந்நூலின் நம்பர் ஆகும். 60 சிட்டங்கள் ஒரு பவுண்டு நின்றால் அது 60ஆம் நம்பர் நூல். ஆகவே, இம்முறையில் நம்பர் உயர உயர நூல் மெல்லியதாகும். இக்காலத்தில் ‘டெக்சு’ என்னும் வேறோர் அளவும் வழங்குகின்றது. 1000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ, அதுவே டெக்சு. இம்முறையில் எண் உயர உயர நூல் தடிக்கும். 60ஆம் நம்பர் இழைகள் மூன்றினைச் சேர்த்து முறுக்கிய நூல் ஏறக்குறைய 30 டெக்சு உடையது; அது சட்டைத் துணிக்குப் பொருந்தும். 40ஆம் நம்பர் இழைகள் மூன்றினைச் சேர்த்த நூல் ஏறக்குறைய 44 டெக்சு உடையது. அது காற்சட்டை போன்ற தடித்த துணிக்கு ஏற்றது. இரு முறைகளும் எதிர்மாறானவை ஆதலின், எண்ணை மட்டும் நோக்காமல், அஃது எம்முறையைச் சார்ந்தது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

கண்ணும் கையும் கொண்டே நூலின் தரத்தைப் பெரும்பாலும் கண்டறியலாம். முதலாவது, ஒளிச் சோதனை. ஒரு முழ நீள நூலைக் கருந்துணியின் முன்னோ சாளரத்தின் வெளிச்சத்திலோ பிடித்து நோக்குதல் வேண்டும். நல்ல நூலில் மயிர்முனைகள் மிகக் குறைவாக இருக்கும்; பருமன் தலைமுதல் கடைவரை ஒன்றாகத் தோன்றும். தாழ்ந்த நூலில் ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருக்கும், முடிச்சுகளும் காணப்படும். இத்தடிப்பே ஊசியின் காதில் தங்கி நூலை அறுப்பது.

இரண்டாவது, முறுக்குச் சோதனை. ஏறக்குறைய ஒரு மீட்டர் நூலை எடுத்து, இரு முனைகளையும் ஒன்றாகப் பிடித்துத் தளரத் தொங்கவிட வேண்டும். அது தானே திருகிக்கொள்ளாமல் வளைந்து தொங்கினால் முறுக்குச் சமனாக உள்ளது என்று அறியலாம். ஒன்றையொன்று சுற்றிக் கயிறு போலத் திரண்டால், அந்நூல் தைக்கும்போது சிக்கி முடிச்சிடும். தையற்பொறிக்கு உரிய நூலுக்கு முறுக்கின் போக்கும் இன்றியமையாதது. நூலைச் செங்குத்தாகப் பிடித்து நோக்கினால், முறுக்கின் வரிகள் கீழே இடப்புறத்திலிருந்து மேலே வலப்புறமாகச் சாய்ந்திருத்தல் வேண்டும். மாறாக இருப்பின், பொறியின் இயக்கம் அம்முறுக்கைத் தளர்த்திவிடும்.

மூன்றாவது, இழுப்புச் சோதனை. சாண் நீள நூலை இரு கைகளாலும் பற்றி மெல்ல இழுக்க வேண்டும். நல்ல நூல் சிறிது நீண்டு, தாங்கி நின்று, பின்னர் ‘படக்’ என்று அறும். தாழ்ந்த நூல் ஓசையின்றி நழுவிப் பிரியும். அறுந்த இடத்தைப் பிரித்து நோக்கினால், குறுகிய மயிர்கள் ஒன்றைவிட்டு ஒன்று நழுவியிருப்பதைக் காணலாம். ஒரே இடத்தில் மட்டும் சோதித்துவிடாமல், நாலைந்து இடங்களில் சோதித்தல் வேண்டும். ஏனெனில், தையல் பிரிவது நூலின் மிக வலிய இடத்திலன்று. மிக மெலிந்த இடத்திலேயாம்.

இவை மூன்றும் கடையிலேயே செய்தற்குரியன. வீட்டில் செய்தற்குரியவை மேலும் மூன்று உள. சாயம் நிலைக்குமா என்பதை அறிய, நனைத்த நூலை வெள்ளைத் துணியின் மேல் வைத்துச் சூடான இஸ்திரிப்பெட்டியால் அழுத்திப் பார்க்கலாம். துணியில் கறை பற்றினால் அந்நூல் வெளிர்நிற உடைகளைக் கெடுக்கும். சுருங்கும் இயல்பை அறிய, ஒரு மீட்டர் நூலை அளந்து, வெந்நீரில் நனைத்து உலர்த்தி, மீண்டும் அளக்க வேண்டும். மிகுதியாகச் சுருங்கும் நூலால் தைத்த உடை, முதல் முறை துவைத்த பின்னரே தையல் வரி நெடுகிலும் மடிப்பு மடிப்பாகச் சுருண்டுகொள்ளும். பருத்திதானா என்பதை அறிய, சிறு துண்டினைப் பெரியோர் முன்னிலையில் இடுக்கியால் பற்றித் தீயில் காட்டலாம். பருத்தி, தாள் எரியும் மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் என்னும் செயற்கை இழை உருகிக் கடினமான கரிய மணியாகத் திரளும்.

இக்காலத்தில் தையற்கடைகளில் பெரும்பாலும் பாலியெஸ்டர் நூலே வழங்குகின்றது. அது மிக்க உறுதியுடையது, பூஞ்சணத்தால் கெடுவதில்லை, விலையும் குறைவு. செயற்கை இழைத் துணிக்கு அதுவே பொருந்தும். ஆயினும், தூய பருத்தித் துணிக்குப் பருத்தி நூலுக்கெனச் சில சிறப்புகள் உள. துணியும் நூலும் ஒரே இயல்பினவாதலின் சாயத்தையும் நீரையும் ஒருங்கே ஏற்கின்றன. மிக்க சூட்டில் இஸ்திரி போட்டாலும் பருத்தி உருகுவதில்லை. பாலியெஸ்டர் ஏறக்குறைய 250 பாகை செல்சியசுக்கு மேல் உருகிவிடும். நனைந்தபோது வலிமை குறையாமல் சற்று மிகுதல் பருத்தியின் அரிய இயல்பு. எல்லாவற்றிற்கும் மேலாக ஓர் உண்மை உண்டு. தையல் நூல், தைக்கப்படும் துணியைவிடச் சற்றே வலிமை குறைந்ததாக இருத்தல் வேண்டும். அளவுக்கு மீறி இழுக்கப்படும்போது நூல் அறுந்தால் மீண்டும் தைத்துக்கொள்ளலாம். நூல் அறாமல் துணி கிழிந்தால் உடையே பாழாகும். ஆகவே, மிக வலிய நூலே மிக நல்ல நூல் என்று எண்ணுதல் பொருந்தாது. துணிக்குத் தக்க நூலே நல்ல நூல்.

ஊசியும் நூலோடு ஒத்திருத்தல் வேண்டும். தையற்பொறியில் நூலின் ஒவ்வொரு பகுதியும், தையலாக நிலைபெறுமுன் ஊசியின் காது வழியே பல முறை முன்னும் பின்னும் சென்று வருகின்றது. காது குறுகியதாயின் நூல் உராய்ந்து தேயும். அகன்றதாயின் துணியில் பெருந்துளை விழும். மெல்லிய துணிக்கு 10 அல்லது 11ஆம் எண் ஊசியும், சட்டைத் துணிக்கு 12 அல்லது 14ஆம் எண் ஊசியும், தடித்த துணிக்கு 16ஆம் எண் ஊசியும் பொருத்துவர். ஊசிநூல் ஒருவகையாகவும் பாபினில் சுற்றிய நூல் தாழ்ந்த வேறொரு வகையாகவும் இருத்தல் கூடாது. அடியில் மறைந்திருக்கும் நூலே என்று மலிந்ததைச் சுற்றினால், தையலின் பாதி வலிமை அப்பொழுதே போய்விடும்.

நிறத்தைத் தேர்வதிலும் ஒரு நுட்பம் உண்டு. கண்டில் சுற்றியுள்ள நூல் பல அடுக்குகளாகத் திரண்டிருப்பதால் அடர்ந்த நிறமாகத் தோன்றும். பிரித்துத் தைத்தபின் வெளிறித் தோன்றும். ஆதலின் கண்டினைத் துணியின்மேல் வைத்து ஒப்பிடாமல், ஓர் இழையைப் பிரித்து விரித்து வைத்துப் பார்க்க வேண்டும். சரியான நிறம் கிடைக்காதவிடத்து, துணியின் நிறத்தைவிடச் சற்று அடர்ந்த நூலைக் கொள்வது நலம். விளக்கொளியில் பார்ப்பதைவிடப் பகலொளியில் பார்த்தல் சிறந்தது.

நூல் வாங்கும்போது மேலே ஒட்டியுள்ள தாளைப் படித்தல் வேண்டும். செய்வோர் பெயர், நூலின் வகை, எண், நீளம், விலை ஆகியன அதில் அச்சிடப்பட்டிருக்கும். பொதிந்து விற்கும் பொருள்களின்மேல் அளவும் விலையும் குறிக்கப்படல் வேண்டும் என்பது சட்டம். இரண்டு கண்டுகள் ஒரே உருவினவாகத் தோன்றினும், ஒன்றில் உட்குழல் தடித்து நூல் குறைவாகச் சுற்றப்பட்டிருத்தல் கூடும். ஆதலின் கண்டின் விலையை ஒப்பிடாமல், மீட்டருக்கு என்ன விலை என்பதையே கணக்கிட்டு ஒப்பிடல் அறிவுடைமை.

நல்ல நூலும் பேணாவிடின் கெடும். நாள்தோறும் வெயில் படும் கண்ணாடிப் பெட்டியில் கிடந்த நூல் நிறம் மங்கி வலிமை இழக்கும். ஈரமான இடத்தில் வைத்த பருத்தி நூலில் பூஞ்சணம் பிடிக்கும். பல ஆண்டுகள் பழமையான நூலைப் பாட்டியின் பெட்டியிலிருந்து எடுத்துப் பயன்படுத்துவோர், முதலில் இழுப்புச் சோதனை செய்து பார்த்தல் வேண்டும். எளிதில் அறும் நூலைப் புதிய துணிக்குப் பயன்படுத்தாமல், தற்காலிகமாக ஓட்டித் தைத்தற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். வெயிலும் ஈரமும் தூசியும் படாத மூடிய பெட்டியில், நிறவாரியாகப் பிரித்து, நூல்முனையைச் செருகி வைத்தல் நல்ல பழக்கமாகும்.

உடையில் துணி கண்ணுக்குத் தெரிகின்றது, பொத்தான் தெரிகின்றது, நூலோ பெரும்பாலும் மறைந்து கிடக்கின்றது. மறைந்திருப்பதாலேயே அதன் தரத்தைக் குறைத்தல் எளிது. குறைத்ததை அன்றே யாரும் கண்டுகொள்ளவும் மாட்டார். சில திங்கள் கழித்து, பாரம் தூக்கும் தோளிலோ, ஓடியாடும் சிறுவனின் முழங்காலிலோ அக்குறை வெளிப்படும். அப்பொழுது இழப்பு உடுத்தியவருக்கே உரியது. இதனை உணர்ந்த தையற்காரர், வாங்குவோர் கேளாதபோதும் நல்ல நூலையே தேர்கின்றார். வீட்டில் தைக்கும் பெண்டிரும், தையல் பயிலும் மாணவரும், நூலை ஒளியில் நோக்கி, முறுக்கினை ஆராய்ந்து, இழுத்துப் பார்த்து வாங்கும் வழக்கத்தைக் கைக்கொள்ளல் வேண்டும். அதற்குச் செலவாகும் நேரம் சில நொடிகளே. அதனால் உடையின் வாழ்நாளோ பல திங்கள் நீளும்.